இருக்கா சார்

கோப்புறையை, அதாவது ஃபோல்டரை, உருவாக்கும் வரியையும் அது உண்டாயிற்றா என்று பார்க்கும் வரியையும் எழுதி ஓட்டிவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "இருக்கா?" என்று கணினியைக் கேட்கிறார். திரையில் 'உண்டு' என்று வந்த பிறகும் மனம் ஆறுவதில்லை. மவுஸைப் பிடித்து அந்தக் கோப்புறையைத் தானே திறந்து, உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்க்கிறார். அதற்குள் பக்கத்து இருக்கையில் நான் பாதி வேலையை முடித்துவிடுவேன்.

அலுவலகத்தில் அவருக்கு 'இருக்கா சார்' என்றே பெயர். ஜாவா மொழியில் நிரல் எழுதியே தலை நரைத்தவர். எப்போதும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. ஒன்றா, ஒரே நிறத்தில் பலவா, யாருக்கும் தெரியாது. கேண்டீனில் அவருக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு வந்து சும்மா தலையாட்டினால் போதாது. "சொல்லிட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுப்பா. தலையாட்டுறதெல்லாம் கணக்குல வராது" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன மழைக்காலம் வரை அவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜாவாவில் கோப்புறை உருவாக்க mkdir என்று ஒரு கட்டளை உண்டு. மேலே ஒரு கோப்புறை இருந்தால்தான் அது உள்ளே இன்னொன்றை உருவாக்கும். மேலே எதுவும் இல்லையென்றால் வேலையைச் செய்யாது, சத்தமும் போடாது. 'முடியவில்லை' என்று ஒரு விடையை மட்டும் திருப்பித் தரும். அதையும் கேட்டு வாங்குபவருக்குத்தான். சரியான அமுக்குணி. இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்கிய இடம் சொந்த வீடாகப் போயிற்று.

அவர் மனைவிக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். முன்கூட்டியே பேச்சைப் பதிந்துவைத்தால், பிறகு பொத்தானை அழுத்தி மனைவியின் குரலிலேயே பேசவைக்கலாம் என்று இவர் யோசித்தார். நாளுக்கு ஒரு கோப்புறை, வாக்கியத்துக்கு ஒரு கோப்பு. நிரலைத் தானே எழுதினார். அந்த அக்கா ஒரு வாரம் மாலைதோறும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கில் பேசினார். "சாப்பிட வாங்க, ஆறிப்போகுது." "யாரு அது, கதவத் தட்டுறது?" திட்டுகளையும் விடவில்லை. "மண்டையில என்ன களிமண்ணா?" என்று பதிந்துவிட்டு, "இது இல்லாம எப்படிங்க குடும்பம் நடத்துறது?" என்றாராம். ஒவ்வொன்றுக்கும் திரையில் 'சேமித்தாயிற்று' என்று வந்தது.

ஒன்றுகூடச் சேமிக்கப்படவில்லை. அலுவலகக் கணினியில் சோதித்தபோது மேல் கோப்புறை ஏற்கெனவே இருந்தது. வீட்டு மடிக்கணினியில் இல்லை. mkdir முடியாது என்றது, இவர் கேட்கவில்லை. கோப்பை எழுதப் போன இடத்தில் பிழை வந்தது. அதைப் பிடித்து என்ன செய்வது என்று எழுதவேண்டிய இடத்தை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டிருந்தார். அதற்கு அடுத்த வரிதான், பிழை வந்தாலும் வராவிட்டாலும் திரையில் காட்டும் 'சேமித்தாயிற்று'. அறுவை சிகிச்சை முடிந்த பிறகே திறந்து பார்த்திருக்கிறார். இதை அவர் என்னிடம் மட்டும் சொன்னார்.

மனைவியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கியிருக்கும்மா" என்றே நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அக்காவும் நம்பிக் காத்திருந்தார்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்த அக்கா, மேசைமேல் இருந்த மடிக்கணினியைக் காட்டி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நீயாவது சொல்லேன், எப்போது தயாராகும் என்று அர்த்தம். நான் தரையைப் பார்த்தேன்.

"அவனக் கேக்காதம்மா" என்றார் அவர். "ஒண்ணும் பதியல. ஒண்ணுமே இல்ல. நான் பாக்காம விட்டுட்டேன். நீ பேசினதெல்லாம் போச்சு."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன, ஒரு முழு வாக்கியத்தின் நீளத்துக்கு.

இருக்கா சார் அவசரமாக எழுந்துபோய், தலையைச் சாய்த்து, மனைவியின் வாயருகே காதை வைத்தார்.