பிரேக் வரும் முன்னே போன டிரெய்லர்

"சேசிஸ் மட்டும் தடிமனா வேணுமாம், பிரேக் வேண்டாமாம்! எறக்கத்துல பாரம் டிராக்டரைத் தள்ளுமுன்னு ஒருத்தனுக்கும் உறைக்கலையே!"

திருச்செங்கோட்டில் டிரெய்லர் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன் செங்கோட்டுவேல், தினமும் சோற்றுக்கு உட்காரும்போது வண்டி வாங்க வருகிறவர்களைப் பற்றி இப்படித்தான் புலம்புவார். குன்றும் கரடுமான பாதைக்கென்றே இரட்டை இரும்புச் சட்டம் வைத்த சேசிஸும் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக்குமாக ஒரு டிரெய்லர் வடிவமைத்தார். முதல் வண்டி அவர் மகளின் புருஷன் பூபதிக்கு. பிரேக் டிரம் மட்டும் வந்து சேரவில்லை.

"நாலு நாள் பொறுங்க மாப்ள."

"இன்னைக்குத்தானுங்க மாமா நல்ல நாளு. பூசை போட்டு எடுத்துக்கறேன். ஊட்டுலதான் நிக்கும், பிரேக்கை அப்பறம் மாட்டிக்கலாமுங்க."

நல்ல நாள் என்றதும் அண்ணனும் தலையாட்டிவிட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான்.

மூன்றாம் நாள் பூபதி கல் பாரம் ஏற்றிக் கரட்டிலிருந்து இறங்கினார். டிரெய்லர் தள்ளியதில் டிராக்டர் கவிழ்ந்தது. சேசிஸில் ஒரு வெல்டிங்கூட விட்டுப்போகவில்லை. மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார்.

அண்ணன் பட்டறையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். நான் கொடுத்தனுப்பும் சோறு அப்படியே திரும்பி வருகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு அவரைப் போய்ப் பாருங்கள். விதி, கிதி என்று ஆறுதல் சொல்லாதீர்கள். கூட உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட வையுங்கள்.