மழையில் கரையாத நோட்டீஸ்

வீட்டுக்கு ஒரு லேசர் பிரிண்டர் வாங்கலாம் என்று நான் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றான். அப்பா காணாமல் போய் அன்றோடு பதினெட்டு நாள்.

அப்போது நாங்கள் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஓர் அறை, அதை ஒட்டி சமையல்கட்டு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். அண்ணன் கட்டிங் பிரிவில் இருந்தான். அம்மா கம்பெனியிலிருந்து துணி வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள். நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் வேலையில் இருந்தேன். அந்த அலுவலகம் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.

கடைசி இரண்டு வருடமாக அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. முதலில் ஷிப்ட் நேரம் மறந்தது. பிறகு வரிசையில் எங்கள் கதவு எது என்பது மறந்தது. அதனால் யார் கடைசியாக வெளியே போகிறோமோ அவர் வெளிக்கொண்டியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று வைத்திருந்தோம். அப்பா காணாமல் போன அன்று காலை அம்மா குழாயடிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். கடைசியாகக் கிளம்பியது நான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். கொண்டியைப் போட்டேனா என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். இறங்கித் திரும்பி வரவில்லை. அம்மாவும் அண்ணனும் கொண்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். நோட்டீஸ் ஒட்டுங்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள். அப்பாவின் படம் என்று எங்களிடம் இருந்தது கம்பெனி அடையாள அட்டையில் ஒட்டியிருந்த ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு மட்டும் விழுந்தது. அச்சகத்தில் ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்க முடியாது என்றார்கள். ஆயிரம் அடித்துவிட்டால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எங்களுக்கோ தினமும் ஏதாவது மாற வேண்டியிருந்தது. சட்டை நீலம் இல்லை, சாம்பல் கட்டம் என்று அம்மாவுக்கு மூன்றாம் நாள்தான் ஞாபகம் வந்தது. ஐந்தாம் நாள் செருப்பு வாசலிலேயே கிடந்ததைப் பார்த்தோம். வெறுங்காலோடு போயிருக்கிறார்.

கூட வேலை பார்த்த ஒருத்தி தன் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரைக் கொடுத்தாள். கலரில் அப்பாவின் முகம் அவ்வளவு தெளிவாக வந்தது. இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்புகூடத் தெரிந்தது. அண்ணனும் நானும் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பல்லடம் ரோடு வரைக்கும் நடந்து ஒட்டினோம். மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பாவின் முகம் ஊதாவாக வழிந்து சுவரில் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே என் செல்போன் நம்பரும் கரைந்து போயிருந்தது. லேசரில் எடுத்தால் தண்ணீர் பட்டாலும் அழியாது என்பது அலுவலக வேலையில் எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அலுவலக மெஷினில் மேனேஜரிடம் கேட்டு ஏற்கெனவே இரண்டு தடவை எடுத்திருந்தேன். மூன்றாம் தடவை கேட்க வாய் வரவில்லை.

அதனால்தான் அன்று அப்படிச் சொன்னேன். அண்ணன் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தான். "நாளைக்கே போவோம்" என்றான்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும்.

"வாங்க, உக்காருங்க. ஊட்டுக்குங்களா, ஆபீசுக்குங்களா?"

"வீட்டுக்குத்தாங்க. லேசர். சின்னதா இருக்கணும்."

"மாசத்துக்கு எத்தன பக்கம் எடுப்பீங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலீங்க."

"குத்துமதிப்பாச் சொன்னாப் போதுங்க. அதப் பொறுத்துத்தானுங்க மெஷின் பாக்கோணும். எப்பவாச்சும் நாலு பக்கம்னா ஒண்ணு, தினம் ஓட்டறதுன்னா வேற."

"இன்னும் எத்தனை மாசம்னு தெரியாதுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று மெஷின்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றில் ஸ்கேனரும் சேர்ந்திருந்தது. நல்ல மெஷின், ஆனால் பெரிது. கையோடு கொண்டு போயிருந்த இஞ்ச் டேப்பால் நீளம், அகலம் பார்த்தேன். எங்கள் வீட்டில் அது எங்கேயும் உட்காராது. மற்ற இரண்டும் ரொட்டிப் பெட்டி அளவுதான்.

"படம் தெளிவா வருமாங்க?"

"படத்துக்கு இங்க்ஜெட்டுதானுங்க. இது கறுப்பு வெள்ளை. எழுத்துக்கு நல்லா இருக்கும்."

"எடுத்துப் பாக்கலாமா?" என்று பென் டிரைவைக் கொடுத்தேன்.

அந்தச் சின்ன மெஷின்களில் தாள் முகம் கவிழ்ந்துதான் வெளியே வரும். முதல் மெஷினிலிருந்து வந்ததை அவர் திருப்பிப் பார்த்தார். முழுவதும் படித்தார். அப்பாவின் பெயர், உயரம், கட்டம் போட்ட சட்டை, வெறுங்கால், சற்று மனநிலை சரியில்லாதவர் என்று நான் அடித்திருந்த வரி.

"அப்பாங்களா?"

"ஆமாங்க."

"எத்தன நாளாச்சுங்க?"

"பத்தொம்பது."

அவர் அடுத்த மெஷினிலும் அதையே எடுத்து, இரண்டு தாளையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். "இதுல இந்தத் தழும்பு தெரியுதுங்க. அதுல தெரியல" என்றார். குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து தாளின் மேல் ஊற்றி விரலால் அழுத்தித் தேய்த்தார். தாள் ஊறியது. முகம் அப்படியே இருந்தது.

"இதையே எடுத்துக்கிடுதோம்" என்றான் அண்ணன்.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. பொட்டியோட வர்ற டோனர்ல மைத்தூள் முழுசா இருக்காது. சீக்கிரம் தீந்துரும்." கொஞ்சம் தயங்கினார். "அதுக்குள்ள வந்துருவாருங்க."

அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். டோனர் தீர்வதற்குள் அப்பா வந்துவிடுவார் என்று. ஈரமான தாளைக் காயவைத்து அவர் தன் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

வீட்டில் பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது அப்பா படுக்கிற மூலைதான். பாயும் தலையணையும் மடித்தபடி இருந்தன. அண்ணன் பெட்டியை அங்கே இறக்கினான்.

"அத அங்க வைக்காதல. அவரு வந்தா எங்க படுப்பாரு?" என்றாள் அம்மா.

எதிர்ச் சுவரில் டிரங்குப் பெட்டி மேல் வைத்து, வயரை அறைக்குக் குறுக்கே இழுத்தோம். மெஷின் சூடாகும்போதெல்லாம் டியூப் லைட் ஒருமுறை மங்கி எரியும். அம்மா ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஊர். அவிநாசி, பல்லடம், காங்கேயம். போன்கள் வந்தன. சிலர் பேசாமல் வைத்துவிடுவார்கள். ஒருவன் கிண்டலாக அப்பா போலவே பேசினான். பிறகு ஒரு நாள் காங்கேயத்திலிருந்து ஒரு ரைஸ்மில் வாட்ச்மேன் கூப்பிட்டார். "மில்லுச் செவுத்தோரம் ஒரு பெரியவரு உக்காந்திருக்காருங்க. நீங்க ஒட்டுன படத்துல இருக்கறாப்புலயே இருக்குதுங்க."

அண்ணனும் நானும் பஸ் ஏறினோம். அம்மா ஒரு வேட்டியையும் சட்டையையும் பையில் வைத்துக் கொடுத்தாள்.

தூரத்தில் பார்த்தபோது அப்பாதான். அதே வளைந்த முதுகு. கிட்டே போனால் வேறு யாரோ. புருவத்தில் தழும்பு இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்து என் கையைப் பற்றிக்கொண்டார்.

"வந்துட்டயா கண்ணு? போலாமா?"

நான் கையை உருவிக்கொண்டேன். அண்ணன் பையிலிருந்த வேட்டி சட்டையை அவரிடம் கொடுத்தான். வாட்ச்மேன் எங்கள் கூடவே கேட் வரைக்கும் வந்தார். "நீங்க நோட்டீஸ் போடறவங்கதானுங்களே. இவுருக்கும் ஒண்ணு போட்டு உடுங்களேன். பேரு ஊரு ஒண்ணும் சொல்லத் தெரியலீங்க."

அண்ணனின் செல்போனில் அவரைப் படம் எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்து 'இவரைத் தெரியுமா?' என்று அடித்தும் வைத்தேன். பிரிண்ட் கொடுக்கவில்லை. டோனரை அப்பாவுக்கு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்து மனது கேட்காமல் வாட்ச்மேனுக்கு போன் செய்தேன். "ஒரு வாரமாக் காணோமுங்க. எங்க போனாருன்னு ஆருக்கும் தெரியல" என்றார். யாரோ ஒருத்தி தன் அப்பாவைத் தேடிக்கொண்டு அந்தச் சுவரோரம் வந்து நின்றிருப்பாளோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அந்த மாதக் கடைசியில் அப்பாவின் முகத்தில் வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. டோனரை வெளியே எடுத்துக் குலுக்கிப் போட்டேன். பத்துத் தாள் வந்தது. மறுபடி குலுக்கினேன், நாலு வந்தது. அதற்குப் பிறகு தாள் வெறுமையாகவே வந்தது. கடைக்காரரிடம் கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் கேட்க வாயெடுத்து, கேட்காமல் கையை நீட்டி டோனரை வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் கதவில் அந்தத் தாள் வெயிலில் பழுத்துப் போயிருந்தது.

இரண்டு தடவை டோனர் நிரப்பினோம். போன்கள் குறைந்து நின்றே போயின. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் போகத் தொடங்கினான். நான் மட்டும் ஒட்டப் போனேன். என் கம்பெனிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டும்போதுகூட யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஒரு வருடம் முடிந்த வாரத்தில் கம்ப்யூட்டரில் அந்த நோட்டீஸைத் திறந்தேன். வயது அறுபத்திரண்டு என்று இருந்தது. அதை அழித்தேன். அம்மா என் காலடியில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னத்த அழிக்க?"

"வயசும்மா. அறுபத்து மூணுன்னு மாத்தணும்."

கத்தரிக்கோல் நின்றது.

"அவரு இருக்காருன்னு உனக்குத் தெரியுமாட்டி? தெரிஞ்சா மாத்து."

விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தபடி இருந்தேன். அறுபத்து மூன்று என்று அடிக்கவும் முடியவில்லை, பழையபடி அறுபத்திரண்டு என்று அடிக்கவும் முடியவில்லை. அம்மா மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணிக்கட்டிலிருந்து பாதியை என் பக்கம் தள்ளினாள்.

அப்பா வரவில்லை.