தொடாதே அண்ணனின் கட்டைவிரல்

எங்கள் தெரு நிக்கல் முலாம் பட்டறையின் மேஸ்திரிக்குத் 'தொடாதே அண்ணன்' என்று பெயர். சுத்தம் செய்த இரும்பை வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய்ப்பசை அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நிக்கல் பிடிக்காது. ஆகவே உலகத்தில் பாவம் என்று ஒன்று உண்டென்றால் அது தொடுவதுதான் என்பது அவர் கொள்கை.

அன்று அச்சு இயந்திரத்துக்கான உருளை ஒன்று தொட்டியிலிருந்து வெளியே வந்தது. துருப்பிடிக்காமல் வழவழவென்று சுழல வேண்டிய அதன் நட்டநடுவில், கட்டைவிரல் அளவுக்கு முலாம் கொப்புளித்திருந்தது. அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"தொட்டது யாரா இருந்தாலும் இன்னையோட வேலை காலி! எல்லாரும் வந்து விரலை வச்சுக் காட்டுங்க!"

ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். கொப்புளம் எல்லார் விரலையும்விட அகலமாக இருந்தது. பாலிஷ் சக்கரத்தில் வேலை செய்யும் அவர் மனைவி, சக்கரத்தை நிறுத்திவிட்டு வந்தாள்.

"உங்க விரலையும் வைங்களேன்."

"கிளவுஸ் இல்லாம நானாவது தொடுறதாவது!" என்றபடி வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

"காலைல பாடம் எடுத்தீங்களே, 'இந்த இடத்தைத் தொடவே கூடாது'ன்னு. தொட்டுத் தொட்டுல்ல காட்டினீங்க!"

பட்டறையே தீர்ப்புக்குக் காத்திருந்தது. அண்ணன் நெடுநேரம் யோசித்தார்.

"பாவம், புள்ளகுட்டிக்காரன். இந்த ஒரு தடவை மன்னிச்சிடலாம்" என்றார் பெருந்தன்மையோடு.

"மன்னிச்சது போதும், முலாமை உரிச்சுட்டு மறுபடி முக்குங்க" என்ற மனைவி, அவர் இரண்டு கைகளிலும் கையுறையை மாட்டி, மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி முடிச்சும் போட்டாள்.