நைனாவுக்காக நான் நீட்டிய விரல்

நைனா நல்ல சாவு செத்தார் என்று எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் எல்லோரும் சொல்கிறார்கள். கேதார்நாத் மலையில் உயிர் போனால் நேராகக் கைலாசம்தானாம். காரியத்துக்கு வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்பனை அவ்வளவு தூரம் கூட்டிப்போன கையாம். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கை அங்கே என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டாள். பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. அதற்குப் பிறகு சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து வீட்டில் நானும் அவரும்தான். நான் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு குடோனில் சாமான் பேக் பண்ணுகிறேன். அவர் வீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார்.

தங்கச் சுரங்கம் மூடும்வரை நைனா அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். கல் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. எங்கள் லைனில் அந்த வயசு ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கொரோனா சமயத்தில் ஒரு ஆக்சிமீட்டர் வாங்கினேன். காலையில் அவர் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவேன். நல்ல நெஞ்சுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டும், அவருக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று இருக்கும். எண்பத்தெட்டு வந்தால் அன்றைக்கு லீவு.

இப்படிப்பட்டவரை ஏன் மலைக்குக் கூட்டிப்போனாய் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் சுரங்கத்துக்குள் கூரை சரிந்து நைனாவும் அவருடைய கூட்டாளியும் மாட்டிக்கொண்டார்கள். ஒரு ஷிஃப்ட் முழுவதும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். மேலே இழுத்துவிடு, உனக்கு எங்கே உயரமான கோயில் இருக்கிறதோ அங்கே வருகிறேன் என்று நைனா சிவனிடம் வேண்டிக்கொண்டார். அப்புறம் கல்யாணம், நான், அம்மாவின் சாவு, இருமல். வேண்டுதல் அப்படியே கிடந்தது. இந்த வருஷம் பங்காரப்பேட்டையிலிருந்து ஒரு பஸ் டூர் கேதார்நாத் போகிறது என்று தெரிந்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அங்க மூச்சு பத்தாதாம், நைனா. ஃபோன்ல பாத்தேன்."

கூட்டாளி அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் சிரித்தார். "இன்னாடி பேசற? பத்தாயிரம் அடி கீழ போயி மூச்சு வுட்டவன் உங்க நைனா. மேல போனாவா மூச்சு நிக்கும்? கீழதான் காத்து இல்ல. மேல பூரா காத்துதான்."

"ஐஸ் மலைமா அது," என்றார் நைனா. "கீழ இன்னா சூடு தெரியுமா? கல்லத் தொட்டா கை வெந்துடும். சூடுதான் மனுசனக் கொல்லும். குளிரு இன்னா செய்யும்?"

எனக்கு அது சரி என்றே பட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரே மலை, தங்கம் எடுத்த பிறகு கொட்டி வைத்த சயனைடு மண் மேடுதான். அதன்மேல் ஏறி நின்றால் காற்று முகத்தில் அடிக்கும். உயரம் என்றால் காற்று என்றுதான் நானும் வளர்ந்தேன்.

மாமாவும் வந்திருப்பார். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் வைத்திருந்ததால் வரவில்லை. கிளம்புகிற அன்று பையைக் கட்டும்போது பழைய கதை வந்தது. சுரங்கத்தில் அப்பப்போ மெடிக்கல் நடக்கும். சின்ன டப்பாவில் சளி துப்பிக் கொடுக்க வேண்டும். சளி கெட்டிருந்தால் மேல் வேலைக்கு மாற்றிவிடுவார்கள், அண்டர்கிரவுண்ட் பேட்டா போய்விடும். அதனால் நெஞ்சு நன்றாக இருப்பவன் இருமுகிறவனுடைய டப்பாவில் துப்பிக் கொடுப்பான். அவன் எனக்குத் துப்பினவன் என்று ஒருத்தர் சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு மேல் சிநேகிதம் கிடையாது.

"உங்க நைனா டப்பாவுல மூணு வாட்டி துப்பிக்கீறேன்," என்றார் மாமா. "டாக்டரு பாத்துட்டு, இன்னாபா உன் சளி குதிர சளி மாதிரி சுத்தமா கீதுன்னான்."

"ஏன் சொல்ல மாட்ட?" என்றார் நைனா. "ஃபுல்லா போட்டுட்டு வந்து துப்புனான்மா. டாக்டரு டப்பாவ மோந்து பாத்துட்டு, நேத்து இன்னா பிராண்டுன்னு என்னக் கேக்கறான்."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இருமினார்கள். நான் சுடுதண்ணீர் வைக்கப் போனேன்.

ஹரித்வார் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததிலிருந்து நைனா தூங்கவில்லை. பஸ்ஸில் மற்றவர்கள் கீழே ஆற்றைப் பார்த்தார்கள். அவர் மட்டும் மேலே, வெட்டிய மலைச்சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் கல் விழுந்து வழி அடைத்திருந்தது. பஸ் நின்றதும் இறங்கிப் போய்ப் பாறையைத் தன் தடியால் தட்டிப் பார்த்தார். சுரங்கத்தில் வேலை ஆரம்பிக்கும் முன் கூரையைக் கடப்பாரையால் தட்டிச் சத்தம் கேட்பார்களாம். கெட்டிச் சத்தம் வந்தால் நிற்கலாம். ஓட்டைப் பானைச் சத்தம் வந்தால் நகர்ந்துவிட வேண்டும்.

"சத்தம் நல்லா இல்ல," என்றார் திரும்பி வந்து.

"அந்தக் கல்லா?"

"அந்தக் கல்லு இல்லமா. இந்த மல பூராவும்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்கும் ஜன்னல் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

கௌரிகுண்டில்தான் நடை ஆரம்பம். அங்கே ஒரு கூடாரத்தில் வயசானவர்களை நிறுத்தி மூச்சு சோதித்தார்கள். நம்பர் குறைந்தால் மேலே விட மாட்டார்கள் என்று டூர்காரர் முன்பே சொல்லியிருந்தார். கூட்டம் நெருக்கியது. ஒரு சின்னப் பெண் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு குடோன் இந்தி தெரியும் என்றதும் ஆக்சிமீட்டரை என்னிடமே கொடுத்து, நீயே மாட்டிவிட்டுக் காட்டு என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றவரிடம் வயசைக் கேட்க ஆரம்பித்தாள்.

நைனா சால்வை போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு அவர் விரலைப் பிடித்தேன். அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"உன் வெரல போடு," என்றார்.

"வேணாம் நைனா."

"போடுமா. எத்தினி பேருக்கு எத்தினி பேரு துப்புனாங்க. யாரு செத்தான்?"

எவ்வளவு பேர் செத்தார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு மாலை போட்ட போட்டோ இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷம் அது ஞாபகம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் அவருக்குச் சோறு வடித்துக் கொடுத்திருக்கிறேன், துணி துவைத்திருக்கிறேன். ஒரு கூட்டாளியிடம் கேட்கிற மாதிரி அவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. சால்வைக்குள் கையை விட்டு என் விரலில் மாட்டினேன். எண் தெரிகிற அளவுக்கு மட்டும் வெளியே காட்டினேன். தொண்ணூற்றாறு. அந்தப் பெண் எட்டிப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தாள்.

அவருக்கு ஒரு கண்டி பேசினோம். கண்டி என்றால் முதுகுக் கூடை. நேபாளக்காரர் ஒருவர் நைனாவைக் கூடையில் உட்கார வைத்து முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். "கேஜ்ல ஏறுன மாதிரியே கீதுமா," என்றார் நைனா. சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டைத்தான் கேஜ் என்பார்கள். கூடை பின்பக்கம் பார்த்திருந்ததால் மலை ஏறுகிற அவர் முகம் முழுக்கக் கீழே பார்த்தபடியே வந்தது. நான் பின்னால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

மத்தியானத்துக்கு முன்பே மேகம் இறங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் எங்கேயோ கல் உருளும் சத்தம் கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நைனா தடியை நீட்டிக் கூடையில் இருந்தபடியே பக்கத்துப் பாறையைத் தட்டினார்.

"சீக்கிரம் போவச் சொல்லு. நிக்க வேணாம்."

கண்டிக்காரர் ஒவ்வொரு வளைவிலும் இளைப்பாற நின்றார். நைனா விடவில்லை. நானும் இந்தியில் விரட்டினேன். ஒரு வழுக்கலில் கண்டிக்காரர், இங்கே இறங்கி நடக்கட்டும் என்றார். நைனா இறங்கி நடந்தார். நடக்கவில்லை, ஓடினார். கல் விழுகிற இடத்தைக் கடக்கிற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு. நானும் பின்னால் ஓடினேன். எங்கள் கண் முழுக்க மேலே பாறைமேல்தான் இருந்தது.

வளைவு தாண்டி அவர் உட்கார்ந்தார். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது.

அங்கேயும் ஒரு மருந்துக் கூடாரம் இருந்தது. உள்ளே இருந்தவர் விரலில் மெஷினை மாட்டினார். அறுபத்தெட்டு. மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிட்டுச் சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். சீட்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், மெஷினைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"காலையில் தொண்ணூற்றாறா?" என்று இந்தியில் கேட்டார். "நெஞ்சில் ஏற்கெனவே ஏதாவது வியாதி உண்டா?"

நைனாவுக்கு இந்தி வராது. ஆனால் என்ன கேட்கிறார் என்று புரிந்துவிட்டது. மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று. உண்மையைச் சொன்னால் அங்கேயிருந்தே கீழே அனுப்பிவிடுவார்கள். கோயில் இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். கீழே இறங்கினால் பிழைத்துக்கொள்வார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. பிறகு தோன்றியதாகச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்போதே தோன்றியது.

"இல்லை," என்றேன். "நல்லாத்தான் இருந்தார்."

ஒரு மணி நேரத்தில் எண்பத்திரண்டுக்கு வந்தது. கீழே போவதுதான் நல்லது என்று கூடாரத்துக்காரர் இரண்டு தடவை சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து அவரை மறுபடி கண்டியில் ஏற்றி மேலே போனோம்.

கோயில் வாசலில் நைனாவால் வரிசையில் நிற்க முடியவில்லை. ஒரு பக்கமாக உட்கார வைத்தேன். கோயிலுக்குப் பின்னால் மேகம் விலகி வெள்ளை மலை ஒரு நிமிஷம் தெரிந்தது. அவ்வளவு பெரியது ஒன்று நம் தலைக்கு நேரே நிற்கும் என்று நான் நினைத்ததில்லை. நைனா கும்பிட்டார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அது எங்களை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"வந்துட்டேன்னு சொல்லிட்டேன்," என்றார். "போலாம்."

இறங்கும்போது அவர் முகம் மேல்பக்கம் திரும்பியிருந்தது. நான் கூடைக்கு முன்னால் போனேன். இருமல் சத்தம் வராததால் தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்டிக்காரர்தான் நின்றார். குனிந்தபடியே கூடையை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். பிறகு, தங்கச்சி, கனம் மாறிவிட்டது என்றார். எத்தனையோ பேரைச் சுமந்த முதுகு, அதற்குத் தெரிந்திருக்கிறது.

கீழே ஆற்றங்கரையில் கொள்ளி நான்தான் வைத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் அழுதார்கள், புண்ணியம் என்றார்கள். சாம்பலோடு ஊருக்கு வந்தேன். இங்கேயும் அதே பேச்சுதான்.

ஆவணியில் மாமா வந்தார். அத்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள், இனி எனக்கென்ன என்றார்.

"நானும் அந்த இருட்டுல அவன்கூட உக்காந்துனு இருந்தவன்தானே. எனக்கும் வேண்டுதல் கீது. நீ வழி பாத்தவ. கூட்டினு போ."

மாமாவுக்கு ஆக்சிமீட்டரில் எண்பத்தொன்பதுதான் காட்டும். வீட்டில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். கூடாரம், விரல், சீட்டு, இரண்டாவது கூடாரத்தில் நான் சொன்ன பொய் எல்லாம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் மாமா கொன்னுட்டேன்," என்றேன்.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல சாவுதான் அது. ஆஸ்பத்திரியில கெடந்து இழுத்துனு இருந்தா தெரியும்," என்றார். எழுந்து வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார். "தீவாளி வரிக்கும் கோயில் தொறந்துதான இருக்கும்?"

அன்று சாயங்காலமே அத்தையிடம் போய் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அத்தை அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஆதார் கார்டு இல்லாமல் மேலே விட மாட்டார்கள் இல்லையா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பீரோவைத் திறந்து மாமாவின் கார்டை எடுத்து என் கையில் கொடுத்து, இந்த வீட்டில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார், நீ கொண்டு போ என்றாள்.

கார்டு என்னிடம்தான் இருக்கிறது. மாமா மூன்று நாள் தேடினார். நான்காவது நாள் எங்கள் வாசலில் வந்து நின்று, "உங்கப்பனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமாடி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. நான் ரயிலுக்குப் போகும்போது வாசலில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நேற்று அத்தை மாமாவின் சட்டைப் பையில் ஒரு ரசீதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மாமா யாரிடமும் சொல்லாமல் பங்காரப்பேட்டை போய்ப் புது கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாராம். கார்டு தபாலில் வரும் என்று அதில் போட்டிருக்கிறதாம். தீபாவளிக்குக் கோயில் மூட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.