பானட்டுக்குள்ள பஞ்சு

என்ற காரை நான் கண்ணாடி வழியாத்தான் பாத்துட்டிருந்தனுங்க. இந்தப் பக்கம் கஸ்டமர் உக்கார்ற ஏசி ரூம்பு, அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப். லிஃப்ட்டு மேல வண்டி நிக்குது. பானட்டத் தொறந்து, இன்ஜினுக்கு மேல்மூடியக் கழட்டி, தையல் பிரிச்சுப் போட்ட பனியனாட்டம் ஓரமாப் பரப்பி வெச்சிருக்கறாங்க. காபி மேல காபியாக் குடுத்தாங்க. அந்த மரியாதையப் பாத்தப்பவே பில்லு பெருசுன்னு தெரிஞ்சு போச்சு.

விஷயம் இதுதாங்க. அவிநாசிபாளையம் தாண்டித் திருப்பூருக்கு வந்துட்டிருக்கறப்ப பானட்டுலருந்து குபுகுபுன்னு புகை. "ஏனுங்க, என்னுங்க இது?"ன்னா பக்கத்துல இருந்த என்ற ஊட்டுக்காரி. "வண்டிக்கு அருள் வந்துருச்சு போல"ன்னேன். அவ சிரிக்கல. இருவது வருஷமா சிரிக்கறதில்ல, நானும் விடறதில்ல. கட்டி இழுத்துட்டு வந்து ஷோரூம்ல விட்டோம்.

ரேடியேட்டர்ல என்னமோ அடைச்சு, சூடேறி, இன்ஜின்ல கேஸ்கெட் போயிருச்சாமா. எஸ்டிமேட்டப் பாத்தேன். அந்தக் காசுக்குப் புதுசா ஒரு தையல் லைனே போட்டரலாம்.

"வாரண்டி இருக்குதில்லீங்க?"ன்னேன்.

சர்வீஸ் மேனேஜர் சின்ன வயசு, டை கட்டியிருந்தாரு. பணிவாத்தான் பேசினாரு. "அதுதான் சார் பாக்கணும். பானட்டுக்கு உள்பக்கம் ஒரு பஞ்சுப்பட்டை ஒட்டியிருக்கும். அது பிஞ்சு வந்து அடைச்சிருந்தா கம்பெனி கோளாறு, உங்களுக்கு செலவே இல்ல. வெளியிலருந்து வந்த பொருள்னா வாரண்டில வராது சார்."

"அப்ப வேண்டாமுங்க, வண்டியக் குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா சார். கழட்டின கூலி, மாட்டற கூலி மட்டும் கட்டிருங்க. ஆனா மாட்டினாலும் ஓடாது."

"சரி, இங்கியே கெடக்கட்டும்."

"இருக்கட்டும் சார். நிறுத்தற வாடகை மட்டும் ஏறிட்டே இருக்கும்."

எலிப்பொறில மசால்வடையாவது வெச்சிருப்பாங்க. இங்க பிஸ்கட்டு.

அடுத்த வாரம் முடிவு சொல்றோம், வாங்கன்னாங்க. ஊட்டுக்காரியும் கூடக் கெளம்பிட்டா. "நீங்க தனியாப் போனா அவியளச் சிரிக்க வெச்சுட்டு வெறுங்கையோட வருவீங்க"ன்னா. "அங்க போயி வாயத் தொறக்காதீங்க. அவிய சொல்றதக் கேட்டுட்டு, 'இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க, வாரண்டில செஞ்சு குடுங்க'ன்னு மட்டும் சொல்லுங்க." மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன்.

ஒரு தட்டுல ரேடியேட்டர்ல இருந்து எடுத்தத வெச்சிருந்தாங்க. சாணிவறட்டியாட்டம் கருப்பா, தட்டையா, எண்ணெயும் மண்ணும் ஏறி. எஸ்டிமேட் போட்ட புள்ள, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டிருக்கும். "சார், நீங்க பனியன் கம்பெனிங்களா?"ன்னுச்சு.

அங்கதாங்க எனக்கு சுருக்குன்னுச்சு. திருப்பூர்ல துணில ஓட்டை விழுந்தா, கறை படிஞ்சா, மொதல்ல 'உங்க யூனிட்டுல ஆனதுதான்'னு நம்ம தலைலதான் போடுவாங்க. அதக் கேட்டுக் கேட்டு, எதுவானாலும் 'இது எங்க மால் இல்லீங்க'ன்னு நிரூபிக்கற புத்தி நமக்கு ரத்தத்துல ஊறியிருக்குது.

"நம்முளுது கட்டிங் யூனிட்டு கண்ணு, வேலம்பாளையத்துல. முழுக்க காட்டன்"னு சொல்லிட்டே தட்டுலருந்து ஒரு துண்டப் பிச்சேன். பாக்கெட்ல லைட்டர் எப்பவும் இருக்கும். பீடி சிகரெட்டுக்கு இல்லீங்க, நூல எரிச்சுப் பாக்கறதுக்கு. காட்டன்னா காயிதமாட்டம் எரிஞ்சு சாம்பலாவும். பாலியஸ்டர்னா உருகிக் கருப்பா உருண்டை நிக்கும். பத்த வெச்சுட்டேன்.

"சார்! சார்! உள்ள பெட்ரோல் வண்டி சார்!"ன்னு மேனேஜர் எந்திரிச்சாரு. செக்யூரிட்டி தீயணைக்கற சிலிண்டரத் தூக்கிட்டு ஓடியாறாரு. நான் அசையல. உருண்டைய விரல்ல நசுக்கிக் காட்டறேன். "பாருங்க, கல்லாட்டம் நிக்குது. பாலியஸ்டர். என்ற கம்பெனி வாசல இது மிதிச்சதே இல்ல."

அதோட நிறுத்தியிருக்கலாம். மேசைக்கு அடில ஊட்டுக்காரி என்ற கால மிதிக்கறா. நான் மிச்சத்தப் பிரிச்சுக் காட்டறேன். மேலதான் கருப்பு, உள்ள அடுக்கடுக்கா நெறம். "இது நேவி ப்ளூ. இதுக்குக் கீழ மெரூன். இப்படி மொசுமொசுன்னு பறக்கறது பிரஷிங் மிஷின்ல சொரண்டி எடுக்கற பிளீஸ் துணிப் பஞ்சுதானுங்க, ஸ்வெட்டருக்கு உள்பக்கம் இருக்குமே, அது. எத்தன வருஷம் பாத்திருக்கறோம்!"

மேனேஜர் மெதுவா உக்காந்தாரு. "அப்ப இது துணிப் பஞ்சுதான், இல்லீங்களா சார்?"

"சந்தேகமே வேண்டாமுங்க."

"ரொம்ப தேங்க்ஸ் சார். எங்களுக்கு என்னன்னே புடிபடல. பானட்டுப் பட்டையாத்தான் இருக்கும்னு கம்பெனிக்கு எழுதறதா இருந்தோம்."

ஏசி ரூம்புல எனக்கு வேர்த்துச்சு பாருங்க. "அந்தப் பட்டையும் எரிச்சா இப்படித்தான் உருண்டை நிக்குமுங்க"ன்னு இழுத்தேன்.

"நேவி ப்ளூல பட்டை வர்றதில்ல சார்."

"போன சர்வீஸ்ல ரேடியேட்டர் சுத்தம் பண்ணினோம்னு பில்லு போட்டிருக்கறீங்கல்ல? அப்பவே பாத்திருக்கலாமில்லீங்க?"

"அதுக்கப்பறம் சேந்திருக்கும் சார். பக்கத்துல பிரஷிங் யூனிட் ஏதாவது இருக்குதுங்களா?"

இருக்குதுங்க. எங்க காம்பவுண்டுக்கு ஒட்டி. அவங்க எக்சாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழதான் வேப்பமர நெழலு, அங்கதான் தெனமும் வண்டி நிக்கும். "மாப்ள, வெயில்ல எதுக்குங்க? நம்ம பக்கம் நிறுத்துங்க"ன்னு ஓனரே வந்து எடம் காட்டினாரு. ஓனரு என்ற மச்சான். ஊட்டுக்காரிக்குக் கூடப் பொறந்த அண்ணன்.

நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால அவ தொறந்தா. "அதெல்லாம் அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லீங்க, எல்லாம் ஊடுகதான்"னா மேனேஜர்கிட்ட. அப்பறம் எங்கிட்டத் திரும்பி, மெதுவா, "எங்கண்ணன் ஃபேன் போட்டதுதான் தப்புன்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல சாமி, சுத்தம் பண்ணாம பில்லு போட்டாங்கன்னு கன்சூமர் கோர்ட்டுக்குப் போலாம்னு…"

"அங்க பஞ்சு எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கள்ல? எங்கண்ணனக் கூண்டுல ஏத்துவீங்களா? இந்தப் பொங்கலுக்கு எங்கம்மா ஊட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவீங்க?"

முன்னால மேனேஜரு, பக்கத்துல ஊட்டுக்காரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரிச்சுப் போட்ட வண்டி. வழி இருந்த ஒரே பக்கத்துல செக்யூரிட்டி சிலிண்டரோட நின்னுட்டிருந்தாரு, நான் மறுக்கா பத்த வெச்சிருவேனோன்னு.

"கூலில கொஞ்சம் கொறச்சுத் தர்றேன் சார், ஒரு மரியாதைக்கு. இதுல மட்டும் ஒரு கையெழுத்து"ன்னாரு மேனேஜர். வெளிப்பொருள் சேந்ததுக்கு நானே பொறுப்பு, இது சம்பந்தமா இனிமேல் வாரண்டி கேக்க மாட்டேன்னு இருந்துச்சு. படிச்சேன். மறுபடியும் படிச்சேன். போட்டேன்.

வண்டி எடுக்கப் போன அன்னைக்கு சாவியோட ஒரு சாக்லேட்டும் குடுத்து போட்டோ புடிச்சாங்க. அதே புள்ள போனை நீட்டுச்சு. "சார், சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு பத்துக்கு எத்தனைன்னு போடணும். ஒம்பது போட்டாக்கூட எங்க சம்பளத்துல கை வெப்பாங்க சார்."

நான் யோசிச்சேன். புள்ள மொகம் வாடிப்போச்சு. ஊட்டுக்காரி பின்னாடியிருந்து, "போட்டுட்டு வாங்க, நேரமாவுது"ன்னா.

பத்து போட்டனுங்க. கீழ 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அத மட்டும் காலியா விட்டுட்டேன். நான் வாயத் தொறந்த வரைக்கும் போதும்.