ஆடிப்பூரத்தன்று சிங்கப்பூரில்

காலை 8.00. கப்பல் சிங்கப்பூர்த் துறையில் ஒட்டி நின்றது. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் பேருந்து, அங்கிருந்து விமானம், பிறகு மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் என்று மூன்று நாளாக ஆடிக்கொண்டே வந்த எனக்கு, ஆடாத தரையைக் கண்டதே பெரிய சந்தோஷம். மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும், ஐந்தரைக்குக் கப்பல் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது என்று முந்தின நாளே ஒலிபெருக்கியில் நான்கு தரம் சொல்லிவிட்டார்கள். விட்டுவிட்டால் எங்கள் பெட்டியும் சர்க்கரை மாத்திரையும் மட்டும் அடுத்த துறையான புக்கெட் போய்ச் சேரும். இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். காவல்துறையில் இருந்து இந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றார். ஆடிப்பூரத்தில் பிறந்தவர். ஊரே ஆண்டாளுக்குப் பிறந்தநாள் கொண்டாடும் அந்த நாளில், எனக்குத் தெரிந்து இவர் ஒரு வருடம்கூட வீட்டில் சாப்பிட்டதில்லை. தேரோட்டப் பந்தோபஸ்து. நான் வைத்த பாயசத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் குடித்துத் தீர்த்திருக்கிறார்கள். அதனால்தான் எங்கள் மகள் பிடிவாதமாக இந்தத் தேதி பார்த்துக் கப்பலுக்குச் சீட்டுப் போட்டாள்.

காலை 9.40. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவில். துறையிலிருந்து ஏழு கிலோமீட்டர், டாக்சிக்குப் பதினாறு வெள்ளி. டாலரை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஆண்டாளுக்கு வளையல் சாத்தியிருந்தார்கள். இவர் பேருக்கு அர்ச்சனை செய்தேன். பழக்க தோஷம், கூட்டத்தைப் பார்த்ததும் இவர் கை நீட்டி வரிசையை ஒழுங்குபடுத்தக் கிளம்பிவிட்டார்.

"இங்க வந்துமா? சும்மா சாமி கும்பிடுங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கும்பிடத்தான் செய்யுதேன். ஆளுக நெருக்குதாங்கல்லா" என்றார்.

மதியம் 1.15. கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலின் மேல்மாடி. கீழே கப்பல்கள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. ஒரு துண்டு கேக் பதினெட்டு வெள்ளி. "அம்புட்டா?" என்று எழுந்தவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பரிமாறிய பெண் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் கை தட்டினார்கள். இவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஊதச் சொன்னால் ஊதத் தெரியவில்லை, விரலால் அணைத்தார். அன்று முழுக்க யார் சிரித்தாலும், "டுடே மை பர்த்டே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மாலை 4.10. துறையில், பாஸ்போர்ட்டும் ரேகையும் பார்த்துத் திறக்கும் தானியங்கிக் கதவு. காலையில் ஒழுங்காகத் திறந்த கதவு, இப்போது இவருடைய கட்டைவிரலை ஏற்க மறுத்தது. பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த இளம் அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பிறந்த தேதி என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"டுடே, சார்" என்றார் இவர், நெஞ்சு நிறைய.

பாஸ்போர்ட்டில் இருப்பது ஜூன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்ட தேதி. எங்கள் வயதில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான். அதிகாரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. எங்கள் இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு போய்விட்டார்.

மாலை 4.25. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் அதிகாரி வந்தார். தமிழர்.

"அங்கிள், பாஸ்போர்ட்ல ஜூன் ஒண்ணு இருக்கு. இன்னிக்குப் பிறந்தநாள்னு சொல்றீங்க."

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நட்சத்திரப் பிறந்தநாள்ம்மா. வருசா வருசம் தேதி மாறி மாறி வரும்."

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"மாறினாலும் அதே தமிழ் மாசத்துலதானே வரணும், ஆன்ட்டி? ஜூன் ஒண்ணு வைகாசி. இப்ப ஆடி நடக்குது."

சுவர்க் கடிகாரத்தில் 4.34. நான் சொன்ன பொய்யால்தான் கப்பல் போகப்போகிறது என்று நினைத்தேன்.

இவர் எழுந்து நின்றார். "அவ பயத்துல சொல்லுதா, அம்மா. நான் பொறந்தது ஆடிப்பூரம். அது எங்க அம்மா சொன்னது. ஜூன் ஒண்ணு ஹெட்மாஸ்டர் போட்டது. வேற ஒண்ணுமில்ல." ஓய்வூதிய அட்டை, ஆதார் என்று பையில் இருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்.

அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவசரமே படவில்லை. 4.41. யாரிடமோ போனில் பேசினார். 4.46. பிறகு இவரை நேராகப் பார்த்து, "எல்லாத்துலயும் ஜூன் ஒண்ணுதான் இருக்கு. நான் திரும்பக் கேக்கிறேன். உங்க பிறந்த தேதி என்ன?" என்றார்.

இவர் எத்தனை பேரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர், ஒரு கேள்விக்கு இப்படி நின்று நான் பார்த்ததில்லை. சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஜூன் ஒண்ணு" என்றார் மெதுவாக. வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கொண்டாடிய பிறந்தநாளைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

விரலை ஈரத்தாளால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார்கள். ரேகை பொருந்தியது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, "இனிமே எந்தக் கவுண்டர்லயும் ஆடிப்பூரம்னு சொல்லிடாதீங்க, அங்கிள்" என்றார் அந்த அம்மாள். ஓடினோம். இவருக்கு முட்டிவலி, எனக்குப் புடவை. ஏணிப்பாலத்தில் கால் வைத்தபோது மணி 4.57.

மாலை 5.30. கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் எல்லாரும் அந்த உயரக் கட்டடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்குப் பின்னால் மலை நிற்பதுபோல இந்த ஊருக்குக் கண்ணாடி நிற்கிறது. இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் தப்பித்தோமே, சிரியுங்கள் என்றேன்.

"நான் ஸ்பெஷல் பிராஞ்சில இருக்கும்போது பாஸ்போர்ட் விசாரணைக்குப் போவேன்லா" என்றார். "எங்க ஊரு மடவார் வளாகத்துல ஒருத்தன். பொறந்த தேதி கேட்டேன், மார்கழின்னு சொன்னான். சர்டிபிகேட்ல ஜூன். பொருந்தலைன்னு எழுதிட்டேன். பின்னாலேயே தெரு முனை வரைக்கும் வந்து, தெரியாமச் சொல்லிட்டேன் சார், இன்னொரு தடவ கேளுங்க சார்னு கெஞ்சினான். நான் கேக்கல. விசா தேதி முடிஞ்சுபோச்சு, வேலையும் போச்சு."

அவன் எந்த ஊருக்குப் போக இருந்தான் என்று கேட்டேன்.

இவர் அப்போதுதான் அந்தக் கட்டடங்களின் பக்கம் திரும்பினார்.

"இங்கதான்" என்றார்.