குப்பிக்குள் பித்தளைத் தங்கம்

என் மேசையில் சுண்டுவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே தண்ணீர், அடியில் பித்தளைச் சீவல்கள். எங்கள் சிறுநகரத்தின் அருங்காட்சியகத்தில் சித்தப்பா மணலை அரித்து எடுத்த ‘தங்கம்’ அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஹம்பேர்க் நகரம் எங்களுக்கு எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம். சித்தப்பாவுக்கு அது வேற்று நாடு. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, தற்காலிகமாகப் ‘பொறுத்துக்கொள்ளப்பட்டவர்’ அவர். கையிலிருந்த பத்திரத்தின் பெயரே டுல்டுங், அதாவது பொறுத்தல். மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை, வேலை செய்யவும் அனுமதியில்லை. எல்லைக்குள்ளும் இலவசமாகவும் இருந்தது அந்த அருங்காட்சியகம் ஒன்றே. தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் வென்ற கிண்ணங்களின் செருக்கோடு, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றேன்.

வாசலிலேயே சித்தப்பா டுல்டுங்கை எடுத்து நீட்டினார். நகரசபைக் கட்டடம் என்றால் பத்திரம் காட்ட வேண்டும் என்பதே அவர் அறிந்த ஜேர்மனி. வழிகாட்டி அம்மையார் சிரித்தார். “இங்கே யாரும் எதையும் காட்டத் தேவையில்லை. எல்லோரையும் வரவேற்கிறோம்” என்றார்.

உள்ளே ஒரு சுவர் நிறையப் பெயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தங்கம் கிடைக்கிறது என்று கேட்டு, இந்த ஊரிலிருந்து கப்பலேறிக் கலிபோர்னியா போன இளைஞர்கள். உழவன், தச்சன், படையில் சேர மறுத்து ஓடியவன். அம்மையார் ஒவ்வொருவனையும் தம் பேரனைப்போல் புகழ்ந்தார்.

“இவையளும் ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனைப் பிடிச்சோ போனவை?” என்று சித்தப்பா என் காதோடு கேட்டார்.

“பகிடி விடாதேங்கோ சித்தப்பா.”

“பகிடியில்லைப் பிள்ளை. விசா இருந்ததோ எண்டு கேள்.”

கேட்டேன். அந்தக் காலத்தில் விசா ஏது என்றார் அம்மையார்.

“அப்ப, போன ஆக்களைத் திருப்பி அனுப்பினவங்களோ? அதையும் கேள்.”

மேடையில் நிற்பதுபோல் நிமிர்ந்து, ஒரு சொல் குறையாமல் கேட்டேன். அம்மையாரின் புன்னகை சுருங்கியது. “ஏன் அனுப்ப வேண்டும்? துணிச்சல்காரர்கள். நல்ல வாழ்வு தேடிப் போனவர்கள்.”

நல்ல வாழ்வு! முந்திய மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி சொன்ன அதே சொற்கள். நான்தான் அவற்றைத் தமிழாக்கிச் சித்தப்பாவிடம் சொன்னேன். உங்கள் நாட்டில் இப்போது சமாதானப் பேச்சு நடக்கிறது. நீங்கள் பாதுகாப்புத் தேடி வந்தவரல்லர், நல்ல வாழ்வு தேடி வந்தவர். திரும்பிப் போக வேண்டும். ஒருவனுக்குச் சுவரில் பெயர் வாங்கித் தந்த சொல் இன்னொருவருக்கு நாடு திரும்பும் விமானச் சீட்டு வாங்கித் தருமா? எந்த நீதிமன்றத்துத் தராசு இது?

சித்தப்பாவுக்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. “உந்தச் சொல்லு எனக்குத் தெரியும்” என்றார். பிறகு பார்வையாளருக்கென வைத்திருந்த மணல் தொட்டிக்குப் போய், தட்டை வாங்கி அரிக்கத் தொடங்கினார். கிடைத்த சீவல்களை அம்மையார் குப்பியில் இட்டுக் கொடுக்க, அதை என் கையில் திணித்தார்.

“வைச்சிரு பிள்ளை. எனக்குக் கொண்டுபோக ஏலாது. தங்கம் கடத்திறன் எண்டு எயார்போட்டில பிடிச்சுப்போடுவாங்கள்.”

சிரித்தது அவர் மட்டுமே.

குளிர்காலம் முடியுமுன் அவரை அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் இலங்கையில் போர் திரும்பியது. வன்னியிலிருந்து வந்துகொண்டிருந்த அவருடைய தொலைபேசி அழைப்புகள் நின்றன; இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

சென்ற மாதம் குப்பியோடு மீண்டும் போனேன். அதே வாசல், அதே வரவேற்பு, நரை கூடிய அதே அம்மையார். குப்பியைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, திருப்பித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம், இலவசம்தானே. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

“இதை அரித்தெடுத்தவரை நீங்கள் வைத்துக்கொள்ளவில்லையே!”

எந்த மேடையிலும் என் குரல் அப்படி நடுங்கியதில்லை.

“யாரை?” என்று கேட்டார் அவர்.

சித்தப்பாவின் முழுப் பெயரையும் உரக்கச் சொன்னேன். சுவரிலிருந்த பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை சொன்னேன். பிறகு குப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். வைத்திருக்கும்படி சித்தப்பா சொன்னது என்னிடம், அவர்களிடம் அல்ல.